உப்பளமும் உப்புக்கொத்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





ஆண்டு விழா மேடையிலே சமயம் பேசுவர், இலக்கியம் பேசுவர், நாட்டு நடப்பும் பேசுவர். நான் இன்று உப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேறு எந்தக் குறை சொன்னாலும், 'உப்புச் சப்பில்லாத பேச்சு' என்று மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பிட்டவர் என்றால் சோறிட்டவர் என்று பொருள் கொள்கிறோம். அது சரியே. ஆயினும், அந்தச் சோற்றிலே சேர்ந்த உப்பை நமக்கு இட்டவர் யார் என்று ஒரு படி மேலே சென்று கேட்டுப் பாருங்கள். வெயிலிலே நின்று அதனை வாரிய தொழிலாளி வருவார். அவருக்குப் பின்னே ஞாயிறும் சோளகக் காற்றும் வரும். அவற்றுக்கும் பின்னே, நாம் பாழ்நிலம் என்று பெயரிட்டு ஒதுக்கிய உவர்நிலமும், அங்கே வாழும் சிற்றுயிர்களும், அவற்றை நாடி வரும் பறவைகளும் வரும். இவர்கள் எல்லாருக்கும் நாம் உப்புக் கடன் பட்டிருக்கிறோம். அந்தக் கடனை நினைவூட்டுவதே என் நோக்கம்.

கடலிலிருந்து அடுக்களைக்கு

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்திலே ஒரு பாடம் நடக்கிறது. உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவிடம், உப்பை நீரிலே இட்டு வைத்து மறுநாள் காலையில் வரும்படி சொல்கிறார். காலையிலே, 'இரவு இட்ட உப்பை எடுத்துத் தா' என்கிறார். மைந்தன் கைவிட்டுத் தேடுகிறான், கிடைக்கவில்லை. மேலே பருகச் சொல்கிறார், நடுவே பருகச் சொல்கிறார், அடியிலே பருகச் சொல்கிறார். எங்கும் உப்பாகவே இருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத ஒன்று எங்கும் நிறைந்திருக்கும் உண்மையைத் தந்தை இவ்வாறு விளக்குகிறார்.

அந்த மைந்தனால் எடுக்க முடியாத உப்பை ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக் காட்டுபவர்கள் உப்பளத் தொழிலாளர். எப்படி எடுக்கிறார்கள்? தீ மூட்டுவதில்லை. ஞாயிற்றின் வெம்மையையும் காற்றின் வேகத்தையும் துணைகொண்டு, பொறுமை என்னும் ஒரே முதலீட்டோடு எடுக்கிறார்கள்.

கடல்நீர் 1000 கிராமில் கரைந்துள்ள உப்புகள் சராசரியாக 35 கிராம். அவற்றுள் ஏறக்குறைய 27 கிராமே நாம் உண்ணும் கறியுப்பு. எஞ்சியவை சுண்ணாம்பு, மகனீசியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள். கடல்நீரை ஒரு சட்டியிலே விட்டு அடியோடு வற்றவிட்டால் இவை யாவும் ஒன்றாய்ச் சேர்ந்து கசப்பான ஒரு கலவையே மிஞ்சும். அதனை வாயில் வைக்க முடியாது. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பிரிப்பே உப்பளக் கலை.

முதலிலே களப்பு நீரை மதகு வழியே பெரிய தேக்கத்துக்குள் விடுகிறார்கள். அங்கே சேறு அடங்குகிறது. பின்னர் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, அதிலிருந்து அதற்கடுத்த பாத்திக்கு என்று மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் நீர் குறைகிறது. உப்பின் செறிவு கூடுகிறது. செறிவை அளக்க 'போமே' என்னும் அளவைக் கருவி உண்டு. கடல்நீர் அந்த அளவிலே ஏறத்தாழ 3 பாகை காட்டும். 13 பாகை அளவிலே ஜிப்சம் என்னும் சுண்ணாம்புப் பொருள் அடியிலே படியத் தொடங்கும். அது படிந்த பின்னர்த் தெளிந்த நீரை உப்புப் பாத்திக்கு விடுகிறார்கள். 25 பாகையைக் கடந்ததும், அதாவது முதலில் எடுத்த நீர் பத்தில் ஒரு பங்காய் வற்றியதும், கறியுப்பு மணி மணியாய் விளையத் தொடங்குகிறது. 29, 30 பாகையை எட்டும்போது எஞ்சிய கசப்பு நீரை வெளியே வடித்துவிட வேண்டும். வடிக்கத் தாமதித்தால் மகனீசியம் உப்போடு கலந்து, உப்புக் கைக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும்.

பழைய உப்பளத் தொழிலாளருக்குக் கருவி தேவைப்படவில்லை. நீரின் நிறத்தையும், விரலிடையே அதன் வழுவழுப்பையும், மேலே மிதக்கும் முதற் பூவையும் கண்டே பதம் சொல்லிவிடுவர். கூழ் காய்ச்சும் தாய்க்குப் பதம் பார்க்க மணிக்கூடு எதற்கு?

விளைந்த உப்பை மரப்பலகையால் வரம்போரம் வாரி, குவித்து, நீர் வடிய விட்டு, கடகத்திலே அள்ளித் தலையிலே சுமந்து அம்பாரமாய்க் கொட்டி, கிடுகால் வேய்ந்து வைத்தனர். இன்று சில இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் பாத்தியில் இறங்கி நிற்கும் காலும், உச்சி வெயிலிலே வெள்ளை உப்பின் ஒளியால் கூசும் கண்ணும் இன்னும் மனிதருடையவையே. அந்தக் காலிலே சிறு கீறல் இருந்தாலும் உப்பு நீர் என்ன செய்யும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு மழை போதும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு மாலைப் பொழுதிலே கரைந்து மறுபடியும் கடலாகிவிடும். நெல் விளைவிப்பவன் மழைக்கு ஏங்குகிறான். உப்பு விளைவிப்பவன் மழைக்கு அஞ்சுகிறான். இருவரும் ஒரே வானத்தைத்தான் பார்த்து நிற்கிறார்கள்.

உப்பின் வரலாறு

சங்க காலத்திலே உப்பு வணிகரை உமணர் என்றனர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாடு சென்று, நெல்லுக்கு மாற்றினர். மேடு பள்ளமான நெடுவழியிலே அச்சு முறியக் கூடுமென்று மாற்றச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிச் சென்றனர் என்று அக்காலப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். உப்பு விளைந்த நிலத்துக்கு அளம் என்று பெயர். நாம் இன்றும் உப்பளம் என்று சொல்லும்போது ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல்லையே வாயிலே வைத்திருக்கிறோம்.

நம் நாட்டின் தென்கரையிலே, அம்பாந்தோட்டைப் பகுதியில், மனிதர் பாத்தி கட்டாமலே உப்பு விளையும் களப்புகள் இருந்தன. சிங்களத்திலே அவற்றை லேவாய என்பர். கோடையிலே களப்பு தானே வற்றி, வெள்ளைப் பாளமாய் உப்பு உறையும். கிராமத்தவர் திரண்டு வந்து அதனை வாரினர். பிரித்தானியர் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாய் இருந்தது. 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராய்க் கடமையாற்றிய லெனாட் வூல்ப் என்னும் ஆங்கிலேயர், அந்த உப்பு வாரும் பணியை நேரில் மேற்பார்வை செய்தவர். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலும் கடமை பார்த்தவர். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதிய அவர், தமது அம்பாந்தோட்டை நாட்குறிப்புகளிலே உப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

தனியுரிமை என்றதும் காந்தியடிகள் நினைவு வராமற் போகாது. யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் அப்போது மாணவர் காங்கிரஸாய் இருந்தது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பரிலே அடிகள் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டரை ஆண்டு கழித்து, 1930 ஏப்பிரல் 6 இல், தண்டிக் கரையிலே ஒரு பிடி உப்பை அள்ளினார். அதே மாதத்திலே இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரணியத்தை அடைந்தார். வேதாரணியம் எங்கே இருக்கிறது? நம் வடகரைக்கு நேர் எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால். ஒரு பேரரசை அசைப்பதற்கு அடிகள் தெரிந்தெடுத்தது பொன்னையும் பட்டையும் அன்று. ஏழை வீட்டு அடுக்களையிலும் இருக்கும் உப்பையே தெரிந்தெடுத்தார். இளைஞர் சங்கத்தவராகிய நீங்கள் இதனை மறவாதிருக்க வேண்டும்.

நம் வடபுலத்திலோ ஆனையிறவு என்றாலே உப்பு என்று சொல்லும் காலம் ஒன்றிருந்தது. யானைகள் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் இறங்கிய துறை ஆதலால் அப்பெயர் பெற்றது. அங்கே விளைந்த உப்பு நாடெங்கும் சென்றது. 1990 இல் போர் காரணமாக அந்தத் தொழில் நின்றது. பாத்திகள் போர்க்களமாயின. உப்புக் குவிந்த இடத்திலே கண்ணிவெடிகள் புதைந்தன. போர் முடிந்து நெடுநாட் சென்ற பின்னர், 2025 மார்ச்சிலே அங்கே புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டிலே பருவம் தப்பிய மழையால் நாட்டின் உப்பு விளைச்சல் வீழ்ந்து, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யவும் நேர்ந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு, கப்பலில் உப்பை வரவழைத்தது! ஆகவே உப்பளங்கள் பெருக வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பே. நானும் அந்தக் குரலோடு சேர்கிறேன். ஆனால் எங்கே, எப்படிப் பெருக வேண்டும் என்பதிலேதான் எனக்குச் சில சொல்ல இருக்கின்றன.

உப்பு நீரிலே ஓர் ஊர்

உப்பளத்தைப் பார்த்தவர்கள், 'அங்கே ஒரு புல்லும் முளைக்காதே, என்ன உயிர் இருக்கும்?' என்று கேட்பர். வாருங்கள், நீர் நகரும் வழியே நாமும் நகர்ந்து பார்ப்போம்.

முதற் தேக்கத்திலே கடல்நீரின் செறிவே இருக்கும். அங்கே மீன் உண்டு; இறால் உண்டு. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே காத்திருக்கும். அடுத்த பாத்திகளிலே செறிவு கூடக் கூட மீன்கள் வாழ முடியாமற் போகின்றன. மீன் போன இடத்திலே வேறொன்று பெருகுகிறது. ஆர்த்தீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றிறால் அது. நகத்தின் நீளமே உடையது. தன்னைத் தின்னும் மீன் இல்லாத இடத்தைத் தேடி, மற்ற உயிர்கள் தாங்காத உப்பிலே வாழப் பழகிக்கொண்டது. நீர் முற்றாக வற்றினால் அதன் முட்டைகள் தூசி போல் உலர்ந்து கிடக்கும். ஆண்டுகள் சில கடந்தாலும், ஏற்ற நீர் பட்டதும் பொரித்துவிடும்.

கடைசிப் பாத்திகளிலே நீர் செந்நிறமாவதைக் கண்டிருப்பீர்கள். சிலர் அதனை அழுக்கென்று எண்ணுவர். அது துனாலியெல்லா என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் தரும் நிறம். கரட்டுக் கிழங்குக்கு நிறம் தரும் பொருளே அந்தப் பாசியிலும் இருக்கிறது. அந்தச் செந்நிறம் வெயிலின் வெம்மையை மிகுதியாய் ஈர்த்து நீரை விரைவில் வற்றச் செய்கிறது. செறிவு குறைந்த பாத்திகளின் அடியிலே நுண்பாசிகள் பாய் விரித்தாற் போலப் படர்ந்து, நீர் மண்ணுக்குள் கசிந்து போகாமல் தடுக்கின்றன. சிற்றிறாலோ நீரிலுள்ள பாசியைத் தின்று நீரைத் தெளிவாக்குகிறது. தெளிந்த நீரிலே விளையும் உப்பு வெண்மையாயிருக்கும். பாருங்கள், கூலி கேளாத தொழிலாளர் எத்தனை பேர் அந்தப் பாத்தியிலே வேலை செய்கிறார்கள்!

இந்த உணவுக்காகவே பறவைகள் வருகின்றன. பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியிலே வந்ததன்று. பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள அந்தச் செந்நிறப் பொருளே அதன் இறகிலே ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறமாயிருக்கும். உண்ண உண்ணவே நிறம் பெறும். கொசு உள்ளான் என்றொரு சிறு பறவை. கையிலே வைத்தால் ஒரு கடதாசிக் கட்டின் கனமும் இராது. வடதுருவத்தை அடுத்த குளிர்நிலத்திலே குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து, வாடைக் காற்றோடு நம் கரைகளை அடைகிறது. இங்கே சில மாதம் உண்டு உடல் தேறினால்தான் மீண்டும் அத்தனை தூரம் திரும்பிச் செல்ல முடியும். நமது உவர்ச் சதுப்பு அதற்கு வழியிடைச் சத்திரம். சத்திரம் கட்டி வைத்துப் புண்ணியம் தேடிய மரபிலே வந்தவர்கள் நாம். இறைவன் கட்டி வைத்த சத்திரத்தை இடிக்கலாமா?

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்லும் அடியார்கள் அந்தக் காட்சியைக் காணலாம். ஆலயத்துக்கு அணித்தே மன்னார்த் தாம்போதியின் இரு புறமும் விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயம். 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பதியப்பெற்றது. மாசி மாதத்திலே அங்கே ஆயிரக்கணக்கான பறவைகள் நிற்கும். பலர் பேருந்தின் யன்னலால் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண் மூடிக்கொள்கிறோம்.

அனுமன் பெயர் பூண்ட சிறு பறவை

வந்து போகும் விருந்தாளிகளைச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும்.

தமிழிலே உப்புக்கொத்தி என்று ஒரு பறவைக் கூட்டத்துக்குப் பெயர். என்ன பொருத்தமான பெயர்! உவர்நிலத்திலே ஓடி ஓடிச் சென்று, சட்டென்று நின்று, கொத்தி, மீண்டும் ஓடும். ஒரு சாண் நீளமும் இல்லாதது. மேலே மணல் நிறம்; கீழே வெள்ளை. அசையாமல் நின்றால் உங்கள் காலடியிலே இருந்தாலும் தெரியாது.

நமது மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டைக் கரைகளிலும், தென்னிந்தியக் கரைகளிலும் ஆண்டு முழுதும் வாழும் ஓர் உப்புக்கொத்தியை, வடநாடுகளிலிருந்து வந்து போகும் வேறோர் இனத்தின் கிளையென்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1915 இல் அதற்கு ஓர் அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் தனியினமாய் ஏற்கவில்லை. 2023 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை ஆய்வாளரும் பிறநாட்டினரும் சேர்ந்து, மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, இது தனி இனமே என்று நிறுவினர். ஏறக்குறைய 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இது மற்றையதிலிருந்து பிரிந்துவிட்டதாம்.

அதற்கு ஆங்கிலத்திலே அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? அனுமன் உப்புக்கொத்தி. சேதுவின் இருகரையிலும் வாழ்வதால், சேது கட்டிய வானர வீரரின் நினைவாக அப்பெயர் இட்டனர். சேதுவை அமைத்தவன் நளன் என்று இங்குள்ள பெரியோர் என்னைத் திருத்தக்கூடும். உண்மைதான். ஆனால் பாலம் வேண்டாமலே அந்தக் கடலைத் தாண்டியவன் அனுமன். சிறகுடைய பறவைக்கு அவன் பெயரே பொருந்தும்!

இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெயிற் காலத்திலே, வெறுந்தரையிலே, சிறு குழியொன்றைக் கிண்டி, இரண்டு மூன்று முட்டை இடுகிறது. முட்டை மண்ணின் நிறமாகவே இருக்கும். அந்தக் குழி எங்கே? களப்பின் உலர்ந்த கரையிலே, உப்பளத்தின் வரம்பிலே. வலசை வரும் பறவைகள், உப்பு வாரும் காலம் முடிந்து மழை தொடங்கும்போது வருகின்றன. ஆகவே அவற்றுக்கும் தொழிலாளருக்கும் இடையூறு குறைவு. ஆனால் உப்புக்கொத்தி முட்டையிடும் காலமும் மனிதர் உப்பு விளைக்கும் காலமும் ஒன்று; இடமும் ஒன்று. ஒரு வண்டிச் சக்கரம், ஓர் இயந்திரத்தின் தடம், ஊரிலே விட்ட நாய் ஒன்று, இவற்றுள் எது வந்தாலும் ஓர் ஆண்டுக் குஞ்சுகள் போயின. ஆள் நெருங்கினால் இவ்வினத்துப் பறவைகள் சிறகொடிந்தது போல் நடித்துத் தரையிலே புரண்டு, கூட்டை விட்டு நம்மை விலக்கி அழைத்துச் செல்லும். அதைத் தவிர அவற்றுக்கு வேறு ஆயுதம் இல்லை.

சேதுவுக்கு மண் சுமந்த அணிலின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். சிறியது என்று இராமபிரான் அதனை இகழவில்லை என்று பெருமையோடு சொல்கிறோம். அதே சேதுவின் கரையிலே வாழும் இந்தச் சிறு பறவைக்கு நாம் என்ன செய்தோம்?

நன்னீரும் கேடு செய்யும்

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

அம்பாந்தோட்டை மாவட்டத்துப் புந்தல, 1990 இல் இலங்கையிலிருந்து முதன்முதலாக ராம்சார் பட்டியலிலே சேர்ந்த ஈரநிலம். 1993 இல் தேசியப் பூங்காவானது. அதன் எல்லைக்குள்ளே உப்பளமும் உண்டு; பூநாரையும் உண்டு. உப்பும் பறவையும் ஒன்றாய் வாழ முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. 1980களிலே கிரிந்தி ஓயாவை மறித்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை அமைத்து, வயல்களுக்கு நீர் பாய்ச்சினர். நல்ல காரியம், குடியானவர் வாழ்ந்தனர். ஆனால் வயலிலிருந்து வடிந்த நீர் எம்பிலிகல, மலல என்னும் இரு களப்புகளுக்குள் சென்றது. களப்பின் உப்புக் குறைந்தது. உப்புக் குறைந்ததும் அங்கே வாழ்ந்த சிற்றுயிர் குறைந்தது. சிற்றுயிர் குறைந்ததும் பூநாரை குறைந்தது. ஒருவரும் பறவையைச் சுடவில்லை, நஞ்சும் வைக்கவில்லை. நல்ல தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிட்டது.

இதனை நான் ஏன் இந்த ஊரிலே சொல்கிறேன்? ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள களப்பை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தருவது பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் கண்ட கனவு. அதன் வேலைகள் 1950களிலும் 60களிலும் நடந்து, நிறைவேறாமல் நின்றன. கிணறுகள் உவராகும் குடாநாட்டிலே அந்தக் கனவை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. நமக்குக் குடிநீரும் வேண்டும், உப்பும் வேண்டும். அதே களப்பின் கிழக்குக் கோடியிலே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938 முதல் பறவைச் சரணாலயம். 2015 முதல் தேசியப் பூங்கா. ஒரே களப்பிடம் மூன்று பேர் மூன்று வரம் கேட்கிறார்கள். மூவரையும் ஒரே பாயிலே இருத்திப் பேசி, எந்தப் பகுதி எவருக்கு என்று வரையறுத்துக்கொள்ளாமல் ஒருவர் மாத்திரம் முந்திக்கொண்டால், மற்ற இருவருக்கும் வெறும் சேறே மிஞ்சும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உப்பளத்திலே பறவை வாழ்கிறது என்பதனால், சதுப்பையெல்லாம் உப்பளமாக்கினால் பறவைக்கு நல்லது என்று சிலர் வாதிப்பர். அது பிழையான கணக்கு. இயற்கையான உவர்ச் சதுப்பிலே உமரி படர்ந்திருக்கும். கரையோரம் கண்டல் நிற்கும். மீன் குஞ்சும் இறாற் குஞ்சும் அங்கே வளரும். உப்பளம் பறவைக்கு உணவுச்சாலையாகலாம். மீனுக்குத் தொட்டிலாக முடியாது. தொட்டிலை விற்று உணவுச்சாலை கட்டினால், சில ஆண்டுகளிலே களப்பிலே வலை வீசும் தொழிலாளியின் அடுக்களை குளிர்ந்துவிடும். அவரும் நம்மவரே.

நாம் செய்யத் தக்கவை

பெரியோர்களே, 'வயிற்றுப் பிழைப்பு முந்தியதா, பறவை முந்தியதா?' என்று நீங்கள் கேட்கலாம். போரால் எல்லாம் இழந்து, நாட்கூலிக்கு உப்புப் பாத்தியில் இறங்கும் தாயிடம் பறவையைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. அவருக்குத் தக்க கூலியும், காலுக்குக் காப்பும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், குடிக்க நல்ல நீரும் முதலிலே வேண்டும். தன் உயிரைக் காக்க முடியாதவரிடம் பிறவுயிரைக் காக்கச் சொல்வது அறமாகாது. ஆனால் அவருக்கு வேலை கொடுப்பதற்குச் சதுப்பை அழிக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். முன்னர் உப்பு விளைந்து, போரிலே பாழாகிக் கிடக்கும் பாத்திகளை முதலில் மீட்போம். அவை நிறைந்து விளைந்த பின்னர்ப் புதிய நிலத்தைப் பற்றிப் பேசுவோம். புதிய நிலம் வேண்டுமென்றால், கரையோரத்துச் சதுப்பை விட்டு உள்ளே தள்ளி அமைப்போம். மழைக் காலத்திலே வேலையில்லாத பாத்திகளை வறளவிடாமல், உள்ளான்கள் நின்று உண்ணத்தக்க கணுக்கால் அளவு நீர் நிற்க விடுவோம். வரம்பிலே முட்டை கண்டால், நாலு தடி நட்டு, அந்த இடத்தை மாத்திரம் சில வாரம் சுற்றிப் போவோம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். சிறிது கண் வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கென்று மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, ஊர்க் குப்பையைத் தரவையிலும் களப்போரத்திலும் கொட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். கோயில் வீதியைக் கூட்டும் சிரமதானத்திலே, வருடத்தில் ஒரு நாளைக் களப்புக்கரைக்கும் ஒதுக்குங்கள். குப்பை குவிந்த இடத்திலே நாய் சேரும். நாய் சேர்ந்த இடத்திலே உப்புக்கொத்தி குஞ்சு பொரிக்காது.

இரண்டு, பறவையை எண்ணப் பழகுங்கள். ஒவ்வோர் ஆண்டும் சனவரியிலே ஆசியா எங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. நம் நாட்டிலும் நடைபெறுகிறது. ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தால் போதும். எண்ணாத ஒன்றைக் காக்க முடியாது. 'இங்கே பறவை இருந்தது' என்று பின்னொரு நாள் சொல்வதைக் காட்டிலும், 'இந்த ஆண்டு இத்தனை இருந்தது, இன்ன இடத்திலே இருந்தது' என்று எழுத்திலே காட்டினால், அதிகாரிகள் செவிசாய்க்க வேண்டியவராவர்.

மூன்று, உப்பளத்திலே வேலை செய்த முதியவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள். நீரின் நிறம் கண்டு பதம் சொன்னது எப்படி? எந்தக் காற்றிலே எந்த உப்பு விளைந்தது? எந்தப் பறவைக்கு என்ன பெயர் சொன்னார்கள்? இவை எந்த நூலிலும் எழுதப்படவில்லை. இடம்பெயர்ந்தும் மறைந்தும் போனவர் போக, எஞ்சியிருப்பவர் சிலரே. அவர்கள் வாயிலிருக்கும் சொற்களை எழுதி, இந்தச் சங்கத்தின் அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுங்கள். அது நீங்கள் ஊருக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.

உத்தாலகர் தம் மைந்தனுக்குக் காட்டியது என்ன? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உப்பு நீரெங்கும் இருக்கிறது என்பதை. அந்தப் பாடத்தை உதட்டளவிலே ஏற்றுக்கொண்டு, உயிரெங்கும் இறைவன் இருக்கிறான் என்று மேடையிலே முழங்கிவிட்டு, அடுத்த நாள் அந்த உயிர்களின் இருப்பிடத்திலே குப்பையைக் கொட்டினால், நாம் படித்தது எங்கே போயிற்று? இன்றிரவு வீட்டுக்குச் சென்று உணவு கொள்ளும்போது, சோற்றிலே சேர்ந்த உப்பின் சுவையை ஒரு கணம் நின்று உணருங்கள். அதிலே ஒரு தொழிலாளியின் வியர்வையும், ஒரு சிற்றுயிரின் உழைப்பும், ஒரு களப்பின் பொறுமையும் கலந்திருக்கின்றன. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்போம். நினைத்ததோடு நில்லாமல் அவரைக் காக்கவும் செய்வோம்.